மெல்லிசுத் தந்தி ரெண்டு

அக்கா, காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்கிறீங்களா? பெட்டி இடிக்கும். மேல வைக்கச் சொல்லி கண்டக்டர் வந்து கத்திட்டுப் போறாரு. மேல வச்சா இந்த டிரைவர் போடுற பிரேக்குக்கு சறுக்கி விழுந்துரும். விழுந்தா என் கதை முடிஞ்சுது. மடியிலயே இருக்கட்டும். தொடை மரத்துப் போனா போகட்டும்.

வயலின்தான். என்னுது இல்ல, எம் பொண்ணோடது. ஸ்ரீரஞ்சனி. ராகத்துப் பேரு, நான்தான் ஆசையா வச்சேன். வீட்டுல ரஞ்சின்னு கூப்பிடுவோம். இப்ப தாம்பரத்துல அவ அத்தை வீட்டுல இருக்கா. இன்னிக்கு நாலு மணிக்கு கிண்டியில அவளுக்கு செலக்‌ஷன். அவ அங்க கேட்டுல நிப்பா, வயலின் எங்கிட்ட இருக்கு, நான் இங்க இருக்கேன், பஸ்ஸு நிக்கிற இடத்தைப் பாருங்க. திண்டிவனமே தாண்டல. முன்னாடி ஏதோ லாரி கவுந்து கிடக்காம். மணி என்னன்னு பாத்துச் சொல்றீங்களா? என் போனைப் பாக்கவே பயமா இருக்கு.

இன்னும் நேரம் இருக்கு, இல்ல? இருக்கு. இருக்கணும். இது போச்சுன்னா அவ ஜென்மத்துக்கும் வயலினைத் தொட மாட்டா. எங்கூட பேசவும் மாட்டா. ஆடி மாசத்துலேருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சரியாப் பேசலக்கா. அவ அப்பாவுக்கு போன் பண்ணுவா. அவரு ஸ்பீக்கர்ல போடுவாரு. நான் அடுப்பங்கரையிலேருந்து கேட்டுக்கிட்டு நிப்பேன். பெத்த பொண்ணு சாப்பிட்டாளான்னு திருட்டுத்தனமா ஒட்டுக் கேக்குற நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

நான் என்ன தப்பு பண்ணேன்னு நீங்களே சொல்லுங்க. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

நானும் வாசிச்சவதான். உறையூர்ல எங்க பின் தெருவுல ஒரு வாத்தியார்கிட்ட, கல்யாணம் ஆகிற வரைக்கும் கத்துக்கிட்டேன். நம்ம கர்நாடக சங்கீதம்தான். தரையில சம்மணம் போட்டு, வயலினைக் காலுல சாச்சு வாசிக்கிறோமே, அது. வர்ணம் வரைக்கும் வந்துட்டேன். அப்புறம் கல்யாணம், பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ், மாமியாருக்கு பக்கவாதம், ரஞ்சி பொறந்தா. வயலின் பரண்ல கிடந்து பூச்சி அரிச்சே போச்சு. கை போச்சு. ஆனா காது போகலக்கா. கை போச்சு, காது போகல. எங்க வீட்டு மிக்ஸி நிஷாதத்துல கத்தும். குக்கர் விசில் சரியா பஞ்சமத்துல நிக்கும். சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன். அபஸ்வரம் எங்க விழுந்தாலும் எனக்குப் பல்லு கூசும்.

ரஞ்சி ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்துல கிறிஸ்துமஸ் விழா. ஒரு கூட்டமே வயலினோட வந்து உக்காந்து வாசிச்சாங்க. பெரிசு, சிறிசு, ஆளு உயரத்துக்கு ஒண்ணு. எல்லார் வில்லும் ஒண்ணா ஏறுது, ஒண்ணா இறங்குது. எம் பொண்ணு வாயைத் திறந்தவ மூடல. வீட்டுக்கு வந்ததும், "அம்மா, எனக்கு அது வேணும்"ன்னா. "நான் சொல்லித் தர்றேன்டி, சம்மணம் போடு"ன்னேன். "தனியா வாசிக்கிறது வேணாம்மா. நடுவுல உக்காரணும். என்னைச் சுத்தி எல்லாரும் வாசிக்கணும். என் சத்தம் எதுன்னு எனக்கே தெரியக் கூடாது"ன்னா. ஊரு உலகத்துல எல்லாரும் மேடையில முன்னாடி உக்கார ஆசைப்படுவாங்க. இவளுக்கு நடுவுல ஒளிஞ்சுக்க ஆசை. சரி, ஏதோ ஒண்ணு, வயலின்தானேன்னு விட்டேன்.

சர்ச்சுல வாசிக்கிற எட்வின் சார்கிட்ட சேத்துவிட்டோம். என்னா கஷ்டம்ங்கிறீங்க. நின்னுக்கிட்டே வாசிக்கணும். தாடையால வயலினைக் கவ்விப் பிடிக்கணும். கழுத்துல இந்த இடத்துல கறுப்பாத் தழும்பு விழுந்துருச்சு. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க கண்டபடி கேலி பண்ணி, அழுதுக்கிட்டு வருவா. நான் மஞ்சள் அரைச்சுப் பூசுவேன். காகிதத்துல எறும்பு ஊர்ற மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும், அதைப் பாத்து வாசிக்கணும். கண்ணாடி முன்னாடி நின்னு ஒரே தந்தியில வில்லை நேரா இழுத்துக்கிட்டே இருப்பா, சாயங்காலம் பூரா. ஸ்வரத்தை அசைக்கக் கூடாதாம். அசைக்காத ஸ்வரம் என்ன ஸ்வரம், குழாய்த் தண்ணி குடத்துல விழுற சத்தம்தான் அது. நான் அடுப்பங்கரையிலேருந்து, "கொஞ்சம் அசைடி, கொஞ்சம் குழைடி"ன்னு பாடிக் காட்டுவேன். அவ கதவைச் சாத்திக்குவா.

அதுல பெரிய வழக்கு தந்திதான். வயலினுக்கு நாலு தந்தி, தெரியும்ல? கனத்த தந்தி ரெண்டு, மெல்லிசுத் தந்தி ரெண்டு. எங்க வாத்தியார் எனக்குப் பழக்குன சுருதி அஞ்சு கட்டை. ச, ப, மறுபடி மேல ச, ப. அவ்வளவுதான் கணக்கு. இவ வயலினை எடுத்து மீட்டிப் பாப்பேன். கனத்த தந்தி ரெண்டும் என் சுருதிக்கு அச்சா நிக்கும். மெல்லிசு ரெண்டும் ஏறி நிக்கும். எப்பப் பாத்தாலும் ஏறித்தான் நிக்கும். ஒரு ஸ்வரம் முழுசா ஏத்தி வச்சிருப்பா. "ஏன்டி இப்படி முறுக்குற, அறுந்து கண்ணுல அடிக்கும்"னு சொல்லி நான் இறக்கி வைப்பேன். இவ வந்து பாத்துட்டு, காளி மாதிரி ஆடுவா. திரும்ப ஏத்துவா. அந்த எட்வின் சார் ஒருநாள் வீட்டுக்கே வந்து, ரொம்பப் பணிவா, "அம்மா, உங்க சுருதி முறை வேற, எங்களுது வேற. பாப்பா தந்தியை மட்டும் தொடாதீங்க"ன்னாரு. காபி குடுத்து அனுப்பிட்டேன். வேற என்ன வேற? ச எல்லா ஊர்லயும் ச தானே அக்கா? வெள்ளைக்காரன் ஊர்ல மட்டும் ச-வுக்குக் கொம்பா முளைச்சிருக்கு?

பஸ்ஸு நகருதா? நகருது. ஆண்டவா, அப்படியே போகட்டும்.

ஆடி மாசம் முதல் செலக்‌ஷன் வந்துச்சு. மெட்ராஸ்ல ஒரு ஆர்க்கெஸ்ட்ரா, சின்ன வயசுப் பிள்ளைங்களா எடுக்குறாங்க. தங்க இடம் குடுத்து, வெளிநாட்டு வாத்தியாருங்களை வரவச்சு, ரெண்டு வருசம் பழக்குவாங்களாம். ரஞ்சிக்கு அதைவிட்டா வேற நினைப்பே இல்ல. விரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போச்சு. தூக்கத்துல இடது கை விரல் தலகாணியில ஓடும். நான் பக்கத்துல படுத்துப் பாத்துக்கிட்டே இருப்பேன்.

அங்க முறை எப்படின்னா, உள்ள ஒரு திரை கட்டியிருக்கும். திரைக்கு அந்தப் பக்கம் கேக்குறவங்க. வாசிக்கிறது யாரு, எந்த ஊரு, எந்தச் சாதின்னு முகம் பாக்கக் கூடாதாம், சத்தத்தை மட்டும்தான் கேப்பாங்களாம். நல்ல முறைதான். ஆனா உள்ள போயிட்டா பேசக் கூடாது, சுருதி பாக்கக் கூடாது. எல்லாத்தையும் வெளி ரூம்லயே சரிபண்ணிட்டுப் போகணும். மணி அடிச்சதும் நேரா பாட்டுதான்.

வெளி ரூம்ல ரஞ்சி சுருதியெல்லாம் சேத்து முடிச்சுட்டு உக்காந்திருந்தா. திடீர்னு முகம் வெளுத்துருச்சு. "அம்மா, வாந்தி வருது, இதைப் பிடி"ன்னு வயலினை எங்கையில குடுத்துட்டு பாத்ரூமுக்கு ஓடுனா. நான் சும்மா ஒருதரம் விரலால மீட்டிப் பாத்தேன். கனத்த தந்தி ரெண்டும் ஜம்முனு இருக்கு. மெல்லிசு ரெண்டும் வழக்கம்போல ஏறிக்கிட்டு நிக்குது. பாவம், பதட்டத்துல முறுக்கித் தொலைச்சுட்டா. நல்லவேளை நான் கூட வந்தேன்னு நினைச்சுக்கிட்டேன். தந்தியை முறுக்குற கட்டை இருக்குல்ல, பிருடைன்னு சொல்லுவோம், அதை மெதுவாத் திருப்பி, காதோட வச்சு, அரை மயிரிழை பிசகாம ச, ப-ன்னு நிறுத்துனேன். இத்தனை வருசத்துக்கப்புறமும் எங்காது நின்னுச்சுக்கா. எனக்கே கண்ணு கலங்கிருச்சு. அதுக்குள்ள அவ நம்பரைக் கூப்பிட்டுட்டாங்க. ஈர முகத்தோட ஓடி வந்தா, வாங்கிட்டு உள்ள போயிட்டா.

நான் கதவுல காதை வச்சு நின்னேன். மணி அடிச்சுது. ஆரம்பம் கனத்த தந்தியில. அடடா, என்னமா இருந்துச்சு தெரியுமா. குழாய்த் தண்ணின்னு சொன்ன எனக்கே உடம்பு சிலிர்த்துச்சு. பக்கத்துல இருந்த இன்னொரு பொண்ணோட அம்மா, "யாரு இது, நல்லா வாசிக்குதே"ன்னாங்க. "எம் பொண்ணு"ன்னேன். சொல்லி வாய மூடல. பாட்டு மெல்லிசுத் தந்திக்கு ஏறுச்சு. ஏறுனதும் எல்லாம் பிசகுது. ஒவ்வொரு ஸ்வரமும் பக்கத்து வீட்டுல போய் நிக்குது. நிறுத்துனா. திரும்ப ஆரம்பிச்சா. கனத்த தந்தி வரைக்கும் தங்கம். மேல ஏறுனா மறுபடி அதே கூத்து. அப்புறம் சத்தமே இல்ல. ரொம்ப நேரம் சத்தமே இல்லக்கா. அப்புறம் மணி அடிச்சுட்டாங்க.

வெளிய வந்து நின்னா. வயலினைப் பாத்தா. அந்த மெல்லிசுத் தந்தி ரெண்டையும் விரலால ஒருதரம் தட்டுனா. அப்புறம் என்னைப் பாத்தா. "என்னடி ஆச்சு, சொல்லுடி, என்ன ஆச்சு"ன்னு உலுக்குறேன். அந்த இன்னொரு அம்மா எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாக்குறாங்க. ரஞ்சி அவங்களை ஒருதரம் பாத்துட்டு, "பயந்துட்டேம்மா"ன்னா. அவ்வளவுதான். திருச்சி வர்ற வரைக்கும் அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல.

அவ அப்பா கேட்டாரு. "பயந்துட்டேன்ப்பா." அத்தை கேட்டா. "பயந்துட்டேன் அத்தை." அப்படி என்ன பயம்? கண்ணு பட்டிருக்கும்னு மிளகாய் சுத்திப் போட்டேன். அதையும் சுத்தவிட்டா. எனக்கு ஆத்திரம் தாங்கல. எட்வின் சாருக்கு போன் போட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். "என்ன சார் சொல்லிக் குடுத்தீங்க? இத்தனை வருசமா அந்தப் பிள்ளைக்கு ஒழுங்கா சுருதி சேக்கத் தெரியல. கடைசி நேரத்துல நான்தான் சரிபண்ணிக் குடுத்தேன்"னு கத்துனேன். "ரஞ்சி என்னம்மா சொன்னா?"ன்னு மட்டும் கேட்டாரு. "பயந்துட்டேன்னு சொன்னா." "அப்ப அதாம்மா"ன்னு சொல்லி வச்சுட்டாரு. தப்பு அவர் மேல, பேச வாய் வருமா?

என்ன கேட்டீங்க? நான் தந்தியைத் திருப்புனது அவளுக்குத் தெரியுமான்னா? எங்க தெரியும். நான் இன்னிவரைக்கும் சொல்லலியே. சொன்னா, அம்மா இவ்வளவு சரிபண்ணிக் குடுத்தும் நான் கெடுத்துட்டேனேன்னு இன்னும் உடைஞ்சு போவா. அதான் மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டேன். எட்வின் சாருக்குத்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன்.

மறுவாரமே வயலினைப் பெட்டியில போட்டு பீரோ மேல ஏத்திட்டு, "தாம்பரத்துல பி.காம் படிக்கப் போறேன்"னு கிளம்பிட்டா. கிளம்புற அன்னிக்கு நான் கையைப் பிடிச்சேன். உதறல. மெதுவா எடுத்துக்கிட்டா. உதறியிருந்தாக்கூடத் தேவலாம்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் அந்த வீட்டுல மிக்ஸி கத்துறதுகூட எனக்குக் காதுல விழல. சோறு இறங்கல. பீரோவைப் பாப்பேன், பாத்துக்கிட்டே உக்காந்திருப்பேன். செத்துரலாம் போல இருந்துச்சுக்கா. யார்கிட்டயும் சொன்னதில்ல, முகம் தெரியாத உங்ககிட்ட சொல்றேன்.

முந்தாநாள் போன் வந்துச்சு. அவருக்கு இல்ல, எனக்கு. ரஞ்சிதான். அந்த ஆர்க்கெஸ்ட்ராவுல யாரோ ஒருத்தர் விலகிட்டாங்களாம், ஒரு இடம் இருக்காம். அந்தத் திரைக்குப் பின்னாடி ஒரு பிள்ளை ஆரம்பத்துல நல்லா வாசிச்சுதே, அதைக் கூப்பிடுங்கன்னு சொல்லியிருக்காங்க. அந்த ஆரம்பத்தை மறக்கல பாருங்க அவங்க. "அம்மா, வயலினை நீ கொண்டு வா"ன்னா. அவரு லீவு போட்டு நான் கொண்டு போறேன்னாரு. "வேணாம்ப்பா, அம்மாதான் கொண்டு வரணும்"னு சொல்லிட்டா. எனக்குக் காலு தரையில நிக்கல. அப்புறம் ஒண்ணு சொன்னா. "பெட்டியைத் திறக்காம கொண்டு வாம்மா. திறக்காம கொண்டு வந்து எங்கையில குடு. அது போதும்."

திறக்காமன்னா என்ன அர்த்தம்? நான் என்ன தின்னுருவேனா? அவரும் காலையில பஸ் ஏத்திவிடும்போது, "அரசி, புள்ள சொன்னதைக் கேளு"ன்னு அழுத்திச் சொல்றாரு. எல்லாரும் சேந்து எனக்குப் புத்தி சொல்றாங்க.

மணி என்னக்கா? ஐயையோ. செங்கல்பட்டே இப்பத்தான் வருதா? அப்ப நான் கிண்டியில இறங்குறதும் அவ உள்ள போறதும் ஒண்ணாத்தான் இருக்கும். கேட்டுல வாங்கிட்டு நேரா திரைக்குப் பின்னாடி ஓட வேண்டியதுதான். சுருதி பாக்க அவளுக்கு நேரமே இருக்காது. இத்தனை மாசம் பீரோ மேல கிடந்த வயலின், மழைக்காலம் வேற, இந்த ஏ.சி. குளிரு வேற. தந்தியெல்லாம் எப்படிக் கிடக்குதோ. அப்படியே குடுத்தா மறுபடி அதே கதைதான் நடக்கும். இந்தத் தடவையும் போச்சுன்னா எம் பொண்ணு எனக்கு இல்லக்கா. சும்மா பாக்குறேன். பாத்துட்டு மூடிருவேன். இந்த ஜிப்பை அந்தப் பக்கம் இழுங்க.

இதோ. நான் சொல்லல? கனத்த தந்தி ரெண்டும் கொஞ்சம்தான் இறங்கியிருக்கு. மெல்லிசு ரெண்டும், கேளுங்க, ஏறித்தான் நிக்குது. ஊருக்குப் போறதுக்கு முன்னாடி மறுபடி ஏத்தி வச்சுட்டுத்தான் போயிருக்கா, பைத்தியக்காரி. இது என்னது? அந்த ரெண்டு பிருடைக்கும் பிளாஸ்திரி சுத்தியிருக்கா. காயத்துக்கு ஒட்டுறதுதான். சுத்திச் சுத்தி, கட்டையே தெரியாம ஒட்டி வச்சிருக்கா. மத்த ரெண்டுக்கும் இல்ல. ஐயோ பாவம், அந்த ரெண்டும் நிக்காம வழுக்குதுன்னு ஒட்டியிருக்கா போல. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாத்திருக்க மாட்டேனா?

இருங்க, போன் அடிக்குது. அவதான். ஐயோ, இது திறந்து கிடக்கே. சத்தம் போடாதீங்க.

ஹலோ. சொல்லுடி கண்ணு. வந்துக்கிட்டே இருக்கேன், செங்கல்பட்டு தாண்டிட்டோம். இல்லடி. இல்ல, திறக்கல. மடியிலயேதான் இருக்கு. உம்மேல சத்தியமா திறக்கலடி. என்னடி, ஏன் அழுற? சரி. சரிம்மா. ம். நிக்கிறேன். கேட்டுல இரு, ஓடி வந்து குடுத்துர்றேன்.

வச்சுட்டா. என்ன சொன்னா தெரியுமாக்கா? "நீ கதவுகிட்ட நின்னு கேளும்மா. உன் காதுக்கு நல்லாருந்தாப் போதும், வேற எதுவும் வேணாம்"ன்னா. எங்காதைச் சொல்றா. இத்தனை வருசத்துல முதல் தடவை. இனி எனக்கு என்ன குறை? எவ்வளவு சீக்கிரம் முடியுமோ இதைச் சரிபண்ணி வச்சுரணும். நுனி கிடைச்சுருச்சு, நகத்துல மாட்டிருச்சு. இந்த வயலின் கழுத்தை மட்டும் ஆடாமப் பிடிச்சுக்குங்க, பிளாஸ்திரியை உரிச்சுர்றேன்.

என்னக்கா? ஏன் தலையாட்டுறீங்க? பொய் சத்தியம்தான், தெரியும், சாமிகிட்ட நான் பாத்துக்கிறேன். ஏன் அதுமேல கையை வச்சு மூடுறீங்க? கையை எடுங்க. அழுத்தாதீங்கக்கா, கையை எடுங்க. கை போச்சு, காது ஒண்ணுதான் எங்கிட்ட மிச்சம் இருக்கு. அதை வச்சு ரெண்டு தந்தியைக்கூடச் சரிபண்ணிக் குடுக்கக் கூடாதுன்னா, எம் பொண்ணுக்கு நான் வேற என்னதான் செய்யுறது, சொல்லுங்க.